சுகர் உள்ளவர்கள் என்ன குடிக்கலாம்? காபி டம்ளரிலிருந்து ஒரு கணக்கு

சுகர் என்று ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டில் லட்டும் மைசூர்பாகும் நின்றுவிடும். ஃபிரிட்ஜில் இருந்த கலர் பாட்டிலும் காணாமல் போகும். காலை காபி, பதினோரு மணி டீ, சாயங்காலக் காபி, படுக்கும் முன் பால் என்ற நான்கு டம்ளர் மட்டும் "சீனி கொஞ்சம் கம்மியா" என்று சொல்லிக்கொண்டு அப்படியே தொடரும்.

ஒரு டம்ளருக்கு ஒன்றரை ஸ்பூன் என்று வைத்துக்கொள்வோம். நம் வீடுகளில் ஸ்பூனைத் தலை தட்டி அளப்பதில்லை. குவித்து எடுத்தால் ஒரு டீஸ்பூன் சீனி 6 கிராம் வரும். நான்கு டம்ளருக்கு 36 கிராம். 300 மி.லி. கோலா பாட்டிலில் இருக்கும் சீனி ஏறக்குறைய 32 கிராம்தான். கோலாவை விட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர், அதைவிடக் கொஞ்சம் கூடுதலான சீனியைத் தினமும் காபி டம்ளர் வழியாகக் குடித்துக்கொண்டிருக்கிறார். அதனால் என்ன குடிக்கலாம், கூடாது என்ற பட்டியலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

குடிப்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. இட்லியில் இருக்கும் மாவுச்சத்து குடலில் உடைந்து சர்க்கரையாக நேரம் பிடிக்கும். கரைந்த சீனிக்கு அந்தத் தாமதம் இல்லை. வயிற்றில் தங்காமல் இறங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்தைத் தொடும். வயிறு நிறைந்த உணர்வையும் தராது. இரண்டு டம்ளர் ஜூஸ் குடித்தவர் அதற்காக ஒரு இட்லியைக் குறைத்துச் சாப்பிடுவதில்லை.

மனசில் வைத்துக்கொள்ள மூன்று அளவுகள்

தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சீனி 4 கிராம். 100 மி.லி. பாலில் இயல்பாகவே இருக்கும் லாக்டோஸ் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பாக்கெட் லேபிளில் 'மொத்தச் சர்க்கரை' என்று போட்டிருக்கும் கிராமை 4-ஆல் வகுத்தால் எத்தனை ஸ்பூன் என்று தெரியும். லேபிளில் ஒரு கண்ணி உண்டு. எண் பெரும்பாலும் 100 மி.லி.க்கு இருக்கும், பாட்டிலோ 250 அல்லது 600 மி.லி. இருக்கும். பெருக்காமல் நம்பாதீர்கள்.

வீட்டில் யார் எவ்வளவு சீனி சேர்க்கிறார்கள் என்று சண்டை போடாமல் கண்டுபிடிக்க ஒரு வழி: ஒன்றாம் தேதி வாங்கும் சீனியை எடை போட்டு டப்பாவில் கொட்டி, மாசக் கடைசியில் மீதியைப் பாருங்கள். நான்கு பேர் வீட்டில் மாதம் 3 கிலோ தீர்ந்தால், தலைக்கு ஒரு நாளைக்கு 25 கிராம். சேர்க்கப்படும் சர்க்கரை இதற்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பொதுவாக எல்லோருக்கும் சொன்ன அளவே ஏறக்குறைய இதுதான். சுகர் உள்ளவருக்கு இன்னும் குறைய வேண்டும்.

காபி, டீ: குறைக்கும் முறை

இரண்டு ஸ்பூனிலிருந்து ஒரே நாளில் பூஜ்யத்துக்கு வருபவர்களில் பலர் பத்தாம் நாள் பழையபடி ஆகிவிடுவார்கள். நாக்குக்கு அவகாசம் கொடுங்கள். முதல் வாரம், இப்போது போடும் அதே அளவைத் தலை தட்டிப் போடுங்கள். இதிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பிறகு வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள். ஐந்தாறு வாரத்தில் சீனி இல்லாத காபி பழகிவிடும். அதற்குப் பின் சொந்தக்காரர் வீட்டில் யாராவது பழைய அளவில் கலந்து கொடுத்தால் திகட்டும்.

சீனி குறையும்போது டிகாஷனின் குறை வெளியே தெரியும். சிக்கரி அதிகமான தூளில் கசப்பு தூக்கலாக இருக்கும், அதை மறைக்கவே இவ்வளவு நாள் சீனி தேவைப்பட்டது. இந்தியாவில் காபித் தூளில் சிக்கரி 49 சதவீதம் வரை கலக்க அனுமதி உண்டு, பாக்கெட்டில் அந்த விகிதம் அச்சிட்டிருக்கும். 80:20 அல்லது சிக்கரியே இல்லாத தூளுக்கு மாறுங்கள். இரண்டாம் டிகாஷனைத் தவிர்த்து, முதல் டிகாஷனில் அளவாகக் கலந்தால் மணமே பாதி வேலையைச் செய்துவிடும். டீயில் ஏலக்காய், இஞ்சி, சிறு துண்டு பட்டை தட்டிப் போட்டால் இனிப்பு குறைவது அவ்வளவாகத் தெரியாது.

டம்ளரின் அளவையும் பாருங்கள். 200 மி.லி. டம்ளரில் நாலு வேளை என்றால் பாலிலிருந்து மட்டும் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை வரலாம். 100 மி.லி. டம்ளர் இரண்டு வேளை போதும். சீனியை நிறுத்திய கையோடு "வெறும் காபிதானே" என்று நாலு மேரி பிஸ்கட் சேர்ந்தால், குறைத்த மாவுச்சத்து வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மருந்தின் அளவு இவ்வளவு நாள் குடித்த சீனியையும் சேர்த்துத்தான் பொருத்தப்பட்டிருக்கும். சீனி குறையக் குறைய அதே மாத்திரை அதிகமாகிப்போய் லோ சுகர் வரலாம். குறைக்கும் வாரங்களில் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பாருங்கள், டாக்டரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டீக்கடையில் "வித்தவுட்" என்றால் போதும், புரிந்துகொள்வார்கள். ஆனால் வித்தவுட் கிடைக்காத இடங்கள் உண்டு. ஆபீஸுக்குக் கேனிலும் ஃபிளாஸ்க்கிலும் வரும் டீயில் சீனி முன்பே கலந்திருக்கும். பட்டன் அமுக்கும் மெஷினில் பிரீமிக்ஸ் என்றால் தூளிலேயே சீனி உண்டு. சைக்கிளில் வரும் சுக்குக் காபியில் கருப்பட்டி கரைத்தே கொண்டுவருவார்கள். அங்கெல்லாம் கேட்டுப் பயனில்லை, தண்ணீர் குடித்துவிட்டு நகர வேண்டியதுதான்.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன்

"சீனிதானே கெடுதல், நான் கருப்பட்டி போட்டுக்கிறேன்" என்பது இன்று வீட்டுக்கு வீடு கேட்கும் வசனம். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு எல்லாவற்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது சீனியில் இருக்கும் அதே பொருள். தேனில் 100 கிராமுக்கு 80 கிராம் அளவுக்குச் சர்க்கரை. கருப்பட்டியில் கொஞ்சம் இரும்பும் தாது உப்பும் இருப்பது உண்மை. அந்தக் கொஞ்சத்துக்காக ரத்தத்தில் ஏறும் சர்க்கரை குறையப்போவதில்லை. இதில் பெரிய நஷ்டம், 'நல்லது' என்ற நம்பிக்கையில் இரண்டு மடங்கு போட்டுக்கொள்வது.

மோர், எலுமிச்சை, இளநீர், பதநீர்

கத்திரி வெயிலில் சுகர்காரருக்கு மோரைப் போல வேறொன்று இல்லை. கெட்டித் தயிர் 3 மேசைக்கரண்டிக்கு 200 மி.லி. தண்ணீர் ஊற்றிக் கடைந்து, நசுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம் சேருங்கள். ஒரு டம்ளரில் சர்க்கரை 2, 3 கிராமைத் தாண்டாது. உப்பு மட்டும் இரண்டு சிட்டிகையோடு நிற்கட்டும், சுகர் உள்ள பலருக்குப் பிரஷரும் இருக்கும். பாக்கெட் மோரில் சோடியம் எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள்.

எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை மிகக் குறைவு. கெடுப்பது அதில் போடும் சீனி. கடையில் லெமன் சோடா கேட்டால் இனிப்பும் உப்பும் கலந்து கொடுப்பது வழக்கம் என்பதால், "சால்ட் மட்டும், இனிப்பு வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். நன்னாரி சர்பத், ரோஸ் மில்க், பன்னீர் சோடா, ஜிகர்தண்டா எல்லாம் சீனிப் பாகை வைத்துச் செய்பவை. நன்னாரி குளிர்ச்சிதான், ஆனால் டம்ளரில் இருப்பதில் பெரும்பங்கு பாகு. நன்னாரி வாசம் வேண்டுமென்றால் வேரை நசுக்கிப் பானைத் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

இளநீர் இரண்டு அணிக்கும் நடுவில் நிற்கிறது. 100 மி.லி.யில் 3, 4 கிராம் சர்க்கரை, ஒரு காயில் 300 மி.லி. என்றால் 9 முதல் 12 கிராம். சுகர் கட்டுப்பாட்டில் இருப்பவர் முற்பகலில், அன்றைய பழத்துக்குப் பதிலாக ஒன்று குடிக்கலாம். சாப்பாடு முடித்த கையோடு வேண்டாம். சிறுநீரகம் பாதித்தவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஒரு இளநீரில் 600 மி.கி.க்குக் குறையாமல் பொட்டாசியம் இருக்கும், பாதித்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். டெல்மிசார்டன், லோசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை என்பதால் அவற்றை எடுப்பவர்களுக்குக் கவனம் கூடுதலாக வேண்டும்.

இளநீரையும் பதநீரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். பதநீரில் 100 மி.லி.க்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை, கோலாவின் அளவுதான். கரும்புச் சாறு அதற்கும் மேல். ஒரு டம்ளரில் 30 கிராம் தாண்டும்.

கூழும் கஞ்சியும் குடிக்கும் சாப்பாடு

கேழ்வரகும் கம்பும் சுகருக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, காலை ஆறு மணிக்கு ஒரு சொம்பு கஞ்சி, எட்டு மணிக்கு நாலு இட்லி என்று சாப்பிடுபவர்கள் நிறைய. 30 கிராம் கேழ்வரகு மாவில் 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது, அதாவது ஒன்றரை இட்லிக்குச் சமம். 50 கிராம் சத்துமாவு போட்டால் கிட்டத்தட்ட மூன்று இட்லி. கஞ்சி குடித்தால் அதுதான் டிபன்.

இன்னொன்று, அரிசியைவிடச் சிறுதானியம் மேல் என்பது முழுத் தானியமாக மென்று சாப்பிடும்போது பொருந்தும் பேச்சு. நைசாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சினால் மாவுச்சத்து நன்றாக வெந்து சீக்கிரம் செரித்துவிடும். ரவைப் பதத்தில் உடைத்து, கெட்டியாகக் கிண்டி, ஆறவைத்து மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமும் ஒரு கிண்ணம் சுண்டலும் வைத்துக்கொண்டால் ஏற்றம் நிதானமாக இருக்கும். வடித்த கஞ்சியும் இதே கணக்கில் சேரும். நீராகாரத்தின் தெளிந்த நீர் மட்டும் என்றால் பெரிய பாதிப்பு இல்லை, அடியில் கிடக்கும் சோற்றைச் சேர்த்தால் அது சோறுதான்.

நோன்பு மாதத்தில் கணக்கு கொஞ்சம் மாறும். இஃப்தாரில் பேரீச்சை, நோன்புக் கஞ்சி, ரோஸ் சர்பத் மூன்றும் ஒரே பத்து நிமிடத்தில் உள்ளே போகும். தண்ணீர், ஒன்றிரண்டு பேரீச்சை, ஒரு கிண்ணம் கஞ்சி என்று நிறுத்தி, சர்பத்துக்குப் பதில் எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் சப்ஜா விதை போட்டுக் குடிக்கலாம். நோன்பு நேரத்தில் சுகர் 70-க்குக் கீழே போனாலும் 300-ஐத் தாண்டினாலும் அங்கேயே நோன்பை முடித்துவிட வேண்டும்.

பழச்சாறு, ஹெல்த் டிரிங்க், 'சுகர் ஃபிரீ'

ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று பழம் வேண்டும். நார் சக்கையோடு போய்விடும், 18 முதல் 20 கிராம் சர்க்கரை டம்ளரில் நிற்கும். அதே பழம் ஒன்றை உரித்துச் சாப்பிட்டால் வேலை முடிந்தது. பாக்கெட் ஜூஸில் '100% பழச்சாறு' என்ற வாசகத்தை நீக்கும்படி 2024 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது, காரணம் அவற்றில் பல, அடர்சாற்றில் தண்ணீர் கலந்து செய்தவை. அதே ஆண்டு ஏப்ரலில், மால்ட் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் விற்கக்கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கும் சொல்லப்பட்டது. பாலில் கலக்கும் மால்ட் பவுடரின் லேபிளைப் புரட்டினால் சீனி முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் இருக்கும்.

சுகர்காரர்களுக்கென்றே விற்கும் புரதப் பவுடர்களிலும் மாவுச்சத்தும் கலோரியும் உண்டு. ஒரு வேளை சாப்பாட்டுக்குப் பதிலாக எடுத்தால் சரி, மூணு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் எடுத்தால் எடைதான் ஏறும். 'சீனி சேர்க்கவில்லை' என்ற டப்பாவில் மால்டோடெக்ஸ்ட்ரின், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப் என்ற பெயர்களைத் தேடுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் நாக்குக்கு இனிக்காது, ரத்தத்தில் சீனியைவிட வேகமாக ஏறும்.

செயற்கை இனிப்பு மாத்திரை போடலாமா? சுகரை ஏற்றாது, பழக்கம் மாறும் காலத்துக்கு உதவும். 2023-இல் அஸ்பார்டேம் 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம்' உள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்தபோது பலர் பயந்தார்கள். அப்போதே உணவுச் சேர்க்கைப் பொருள் வல்லுநர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.கி. என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவர் அதைத் தாண்ட ஒரே நாளில் 9 டயட் கோலா கேனுக்கு மேல் குடிக்க வேண்டும். அஸ்பார்டேம் கொதித்தால் இனிப்பு போய்விடும், இறக்கிய பிறகு போடுங்கள். சுக்ரலோஸ் சூடு தாங்கும். எங்கள் பார்வையில் இது ஊன்றுகோல்தான். நாக்கு இனிப்புக்கே பழகி இருந்தால், மாத்திரை டப்பா தீர்ந்த அன்று சீனி டப்பா திறக்கும்.

வெந்தயத் தண்ணீர், ஆவாரம்பூ டீ, பாகற்காய்ச் சாறு குடிப்பவர்கள் குடிக்கலாம். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சொலவடை இருக்கிறது என்பதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். பாகற்காய்ச் சாறு மாத்திரையோடு சேர்ந்து சுகரை இறக்கவும் கூடும், டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுரைக்காய்ச் சாறு போடுபவர்கள் முதலில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். கசப்புச் சுரைக்காயின் நஞ்சு ரத்த வாந்தி வரை கொண்டுபோயிருக்கிறது.

தண்ணீரும் தாகமும்

சுகர் 180-ஐ ஒட்டித் தாண்டும்போது சிறுநீரகம் சர்க்கரையைச் சிறுநீரில் விடத் தொடங்கும், அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் தாகம். அந்தத் தாகத்துக்கு இனிப்பாக ஒன்றைக் குடித்தால் சுகர் இன்னும் ஏறி, தாகமும் ஏறும். சிறுநீர் வெளுப்பாகப் போனால் தண்ணீர் போதும் என்ற பொது விதி இங்கே ஏமாற்றும். சுகர் அதிகமானாலும் வெளுப்பாகத்தான் போகும். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளை எடுப்பவர்கள் வெயில் காலத்தில் தண்ணீரைக் குறைக்கவே கூடாது. இதயம் பலவீனமானவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் ஓ.ஆர்.எஸ். வேண்டாம் என்று பயப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், 200 மி.லி.யில் 3 கிராம்கூட இல்லை. மருந்துக்கடையில் பழச்சுவையோடு அட்டைப்பெட்டியில் வரும் பானங்கள் வேறு, அவற்றில் சீனி பல மடங்கு இருக்கும்.

மது குடிப்பவர்களுக்கு ஆபத்து எதிர்த் திசையில். கல்லீரல் மதுவைச் சமாளிப்பதில் மும்முரமாக இருக்கும்போது ரத்தத்துக்குச் சர்க்கரை விடுவதைக் குறைத்துக்கொள்ளும். இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போட்டு, சாப்பிடாமல் குடித்தால் நடுராத்திரியிலோ மறுநாள் காலையிலோ சுகர் விழும். தள்ளாட்டமும் உளறலும் போதை என்றே சுற்றியிருப்பவர்கள் நினைத்துவிடுவார்கள்.

எந்தப் பானம் உங்களுக்கு ஏற்றுகிறது

சந்தேகமான பானத்தைக் குளுக்கோமீட்டரில் நீங்களே சோதிக்கலாம். குடிக்கும் முன் ஒரு முறை, குடித்து ஒரு மணி நேரத்தில் ஒரு முறை, இடையில் வேறெதுவும் சாப்பிடாமல். மீட்டரிலேயே 15 சதவீதம் வரை முன்பின் இருக்கும் என்பதால் பத்துப் புள்ளி வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம், ஐம்பது புள்ளி ஏறினால் அந்தப் பானத்தின் அளவைப் பாதியாக்குங்கள். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள். பழம் உரித்த கையில் ஒட்டிய சாறு போதும், ரீடிங் பொய்யாக எகிறிவிடும். லேபில் வெறும் வயிற்று டெஸ்ட் என்றால் தண்ணீர் மட்டும்தான், பால் சேர்க்காத வித்தவுட் காபியும் கூடாது.

சீனி குடித்தே ஆக வேண்டிய நேரம்

கை நடுங்கி, வியர்த்து, பசி கிள்ளி, மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் மேலே சொன்ன அத்தனையும் தலைகீழ். உடனே 15 கிராம்: குளுக்கோஸ் பவுடர் 3, 4 டீஸ்பூன், அல்லது தலை தட்டிய 4 டீஸ்பூன் சீனி அரை டம்ளர் தண்ணீரில், அல்லது சாதாரண கோலா 150 மி.லி. டயட் கோலா உதவாது. 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் ஓர் இட்லியோ நாலு பிஸ்கட்டோ சாப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். 108-ஐ அழையுங்கள்.

மாத்திரை அட்டையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மூன்று மருந்து சேர்ந்த மாத்திரைகளில் வோக்லிபோஸ் ஒளிந்திருக்கும். இவை சீனியை உடைக்கும் நொதியைத் தடுப்பவை, ஆகவே லோ சுகரில் சீனித் தண்ணீர் தாமதமாகத்தான் வேலை செய்யும். இவர்கள் குளுக்கோஸ் பவுடரையே பையில் வைத்திருக்க வேண்டும்.

டீக்கடை வாசலில் தலை சுற்றினால் இனிப்பு டீ கேட்காதீர்கள். சூட்டில் மெல்லக் குடிப்பீர்கள், பாலின் கொழுப்பும் தாமதப்படுத்தும். "தண்ணியில நாலு ஸ்பூன் சீனி போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். வழக்கமான கடை என்றால் இதை மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தினமும் வித்தவுட் வாங்குகிறவர் திடீரென்று சீனி கேட்டால், நல்லதுக்கு என்று அவர் யோசித்து நிற்பார்.